ஐயர் மூச்சு வாங்குற இடம்

கண்ண மூடியாச்சு. மூடுறதுக்கு முன்னால கடைசியாப் பாத்தது எப்சியோட மொகம். அவ என்னையப் பாக்கல, ஜன்னல் தெரையப் பாத்துக்கிட்டு இருந்தா. அந்தத் தெரையில பாக்க ஒண்ணும் கெடையாது, கல்யாணமானதுலேருந்து அதத்தான் தொங்கவிட்டிருக்கோம், ஒரு பூ, அதுக்குக் கீழ அதே பூ. அப்பமே எனக்கு வெளங்கிப்போச்சு. பொண்டாட்டி சொல்லிட்டா. இவ ஐயரம்மாட்ட சொல்லி, ஐயரம்மா ஐயருட்ட சொல்லிட்டாவ. இல்லன்னா கடைசிப் பாட்டோட கடைசிச் சரணத்துல, எல்லாரும் கைதட்டிக்கிட்டு இருக்கையில, ஐயர் எங் காதுப்பக்கம் குனிஞ்சு "பாப்பா காரியத்தையும் ஜெபத்துல வச்சிருவோம், என்ன தம்பி"ன்னு ஏன் கேக்கணும்? எந்தக் காரியம்னு நான் வாயத் தொறக்கதுக்குள்ள "முழங்கால்படியிடுவோம்"னுட்டாவ. பாதிரியார நாங்க ஐயர்னுதான் சொல்லுவோம், அவிய வீட்டம்மாவ ஐயரம்மான்னு, ஐயர் சொல்லிட்டா முழங்கால் தானா மடங்கிரும், மூள அப்புறமா வந்து சேரும். மகா இரக்கமும் உருக்கமும் நிறைந்த எங்கள் பரம தகப்பனே. ஆரம்பிச்சுட்டாவ. மூக்குலேருந்து கெளம்பி தொண்டையில எறங்குத குரலு. ஐயர் ஞானசிகாமணியோட குரல் அவியளவிட எனக்கு நல்லாத் தெரியும். கிறிஸ்மஸ் விழாவுல வருசா வருசம் நாந்தான ஐயரு வேசம், அவியளே முன்வரிசையில உக்காந்து வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிப்பாவ. இந்த ஜெபம் போற ரூட்டு எனக்கு மனப்பாடம். மொதல்ல நன்றி, அப்புறம் நாட்ட ஆளுதவங்க, மழை, வியாதிக்காரங்க, வெளிநாட்டுல இருக்கவங்க, பரீட்ச எழுதுத பிள்ளைங்க. அதுக்குப் பெறகு ஒரு இருமல். அது சளி இல்ல, இண்டிகேட்டர். வண்டி கூட்டம் நடக்குத வீட்டுப் பக்கம் திரும்புதுன்னு அர்த்தம். இன்னைக்கு வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம் எங்க வீட்டு மொற. அந்த இருமல் வந்துச்சுன்னா பாப்பா காரியம் வரும். ஒரு சொல்லையும் காதுல விடாம புடிக்குத தங்கபாய் அத்தை முன்னால, ஜமுக்காளத்துல எடமில்லாம வராண்டா வரைக்கும் முட்டி போட்டிருக்க இத்தன பேரு முன்னால, பாப்பா முன்னாலயே வரும்.

பாப்பான்னா எங்க மக கெத்சியா. ஏழாங் கிளாஸ். போன வாரம் வண்ணத்துப்பூச்சியப் பத்தி ஏதோ ஒட்டிக்கிட்டு வரச் சொன்னாங்கன்னு டேப்லெட்டுல படம் தேடிக்கிட்டு இருந்துருக்கா, நடுவுல ஒரு விளம்பரம் வந்துருக்கு, மூடுதேன்னு அமுக்கினது தொறந்துட்டு. என்ன தொறந்துச்சுன்னு எப்சி கேக்கல, நானும் கேக்கல. கேட்டு என்ன செய்ய, பிள்ள கண்ணுல படக்கூடாதது, அவ்வளவுதான். ரெண்டு நாளா சோத்த அளஞ்சுக்கிட்டே இருந்தா. வயித்துக்கு சேரலன்னு நெனச்சு நான் ஓமத்தண்ணி வாங்கிட்டு வந்தேன், குடிக்கவும் செஞ்சா பாவம், வயித்துல ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சுக்கிட்டே. மறுநாளு எப்சி அடுப்படியில தேங்கா துருவிக்கிட்டு இருந்துருக்கா, இவ பின்னால போய் நின்னு அம்மா முதுகுல மொகத்த வச்சுக்கிட்டு சொல்லியிருக்கா, "அம்மா ஒண்ணு பாத்துட்டேம்மா. பாக்கணும்னு பாக்கல." எப்சி திரும்பலையாம். திரும்பினா நிறுத்திருவான்னு துருவிக்கிட்டே இருந்தாளாம், தேங்கா தீந்த பெறகும் வெறுஞ் செரட்டைய வச்சுத் துருவிக்கிட்டு இருந்தாளாம். அவ்வளவு அறிவு உள்ளவ. அந்த அறிவுள்ளவதான் இப்பம் ஐயரம்மாட்ட. சரி. எல்லாஞ் சொல்லி முடிச்சுட்டு பாப்பா கடைசியா ஒண்ணு சொன்னாளாம். "அப்பாட்ட சொல்லாதம்மா. அப்பா நடிச்சுக் காட்டிருவாங்க." எப்சி இத எங்கிட்ட ராகமில்லாம சொன்னா, எனக்கு மட்டும் அது பாப்பா குரல்லயே கேட்டுச்சு, இப்பமும் கேக்குது, ஐயர் மழைக்காகக் கேக்காவ, அந்தச் சத்தத்துக்கு அடியிலயும் இது ஓடுது, நடிச்சுக் காட்டிருவாங்க, நடிச்சுக் காட்டிருவாங்க. நியாயந்தான. யார விட்டேன். எங் கடைக்கு ரிப்பேருக்கு வாரவன் தண்ணி மோட்டாரத் தூக்கிட்டு வரவேண்டாம், இப்பிடிச் சத்தம் போடுதா, இல்ல இப்பிடியான்னு நான் ரெண்டு மோட்டாரு பண்ணிக் காட்டுவேன், ரெண்டாவதுதாண்ணே அப்பிடிம்பான், பேரிங் போச்சுன்னுருவேன். பொழப்பே அது. ஐயரு, தங்கபாய் அத்தை, எப்சியோட அண்ணன் தும்முதது, ஒருத்தர் பாக்கி இல்ல. இதுக்கெல்லாம் பாப்பாதான் செக்கிங் இன்ஸ்பெக்டர். கிறிஸ்மஸுக்கு நான் வீட்டுல பழகும்போது கட்டில்ல கால ஆட்டிக்கிட்டு உக்காந்து, அப்பா மூக்கு வரல, அப்பா அத்தை அந்த எடத்துல இடுப்புல கை வைப்பாங்கன்னு ஒவ்வொண்ணாத் திருத்துவா. அன்னையிலேருந்து ஒண்ணும் திருத்தல. நேத்து வேணும்னே தங்கபாய் அத்தைய மோசமாச் செஞ்சேன், நடையே தப்பு, ஆம்பளை மாதிரி நடந்தேன். நல்லாருக்குப்பான்னுட்டுப் போயிட்டா.

வியாதிக்காரங்க வந்தாச்சு. சர்க்கரை வியாதியினால் அவதிப்படுகிற உம்முடைய தாசனை. யாரு தாசன்னு எல்லாருக்கும் தெரியும், வராண்டாவுல மூணாவது ஆளு, கூட்டம் முடிஞ்சதும் ஜாங்கிரி எடுக்கும்போது எல்லாக் கண்ணும் அவரு கையிலதான் இருக்கும். மூட்டு வலியினால் வருந்துகிற உம்முடைய அடியாள் தங்கபாயை. ஆமென்! அத்தை. வலி இருக்கவங்களோட ஆமென் மாதிரியே இல்ல, பஸ்ஸுல எடம் புடிச்ச ஆமென். அத்தை நல்ல பொம்பளதான், எங்கம்மா செத்தப்ப மூணு நாளும் அடுப்பு அவங்க கையிலதான் எரிஞ்சுது. ஆனா எங்க சபையில ஒண்ணு உண்டு. நாங்க யாரும் புறணி பேசமாட்டோம். ஜெபக்குறிப்புதான் கொடுப்போம். "உங்களுக்கு மட்டும் சொல்லுதேன்க்கா, ஜெபிச்சுக்கோங்க." அம்புட்டுதான், அந்தக்கா ஜெபிக்கதுக்குத் தொணைக்கு ஒரு ஆளு வேணுமேன்னு இன்னொரு அக்காட்ட சொல்லுவா, வாட்ஸ்அப்புல கைகூப்புன படத்தோட போகும். போன வருசம் இதே மாதிரி ஒரு வீட்டுல ஐயர் கண்ண மூடிக்கிட்டு, பானம் பண்ணுகிற பழக்கத்திலிருந்து உமது பிள்ளை பிரின்ஸை விடுவித்தருளும்னு கண்ணீரோட ஜெபிச்சாவ, நெசமான கண்ணீரு, நான் பாத்தேன். விடிஞ்சா பால்காரன் எங்கிட்டக் கேக்கான், என்னண்ணே, பிரின்ஸ் அண்ணன் குடிப்பாங்களாமேன்னு. பிரின்ஸ் குடிய விடல, கோயிலுக்கு வாரத விட்டுட்டான். அவன் நாப்பது வயசு ஆம்பள, தாங்கிக்கிட்டான். இது பன்னெண்டு வயசுப் பொம்பளப் பிள்ள. பாப்பாவ யாரும் திட்டமாட்டாங்க, அதத்தான் நெனச்சுப் பாக்கேன், எல்லாரும் தலையத் தடவுவாங்க, கண்ணுல ஒரு மாதிரி பரிதாபத்தோட, ஞாயித்துக்கெழம சண்டே ஸ்கூல்ல டீச்சரு தனியாக் கூப்புட்டுக் கையப் புடிச்சு ஜெபிப்பாங்க, மத்த பிள்ளைங்க பென்ச்சுலேருந்து பாக்கும். பாத்தது மறந்து போவும். சின்ன மனசுதான, வண்ணத்துப்பூச்சி, பரீட்ச, கூட்டாளின்னு மேல மேல விழுந்து மூடிரும். ஆனா வந்து சொன்னாளே. நாளைக்குப் பெரியவளானா, யாராவது ஒரு பய போன்ல ஏதாவது அனுப்பினா, மெரட்டினா, அப்பமும் வரணும்லா, வந்து அந்த முதுகுல மொகத்த வைக்கணும்லா. எங்கிட்ட இருக்கது அது ஒண்ணுதான். இன்னைக்கு ஐயர் வாயால வெளிய வந்துச்சுன்னா இனிமே வருவாளா? போன்ல பில்டர் போட்டு அத வாங்கமுடியுமா?

பில்டரும் போட்டுப் பாத்தாச்சு. எப்சி அழுது முடிச்ச அன்னைக்கே நான் போய்க் கம்ப்யூட்டர் கடைப் பையனக் கூட்டிட்டு வந்து, வீட்டுல உள்ள எல்லா போன்லயும் டேப்லெட்டுலயும் பிள்ளைங்கள பாதுகாக்குத ஒரு ஆப்பு போடச் சொன்னேன். நல்ல ஆப்பு. மொத நாளே எங்க வேதாகம ஆப்புக்குள்ள போயி காதல் பாட்டா இருக்க ஒரு புத்தகத்த அப்பிடியே பூட்டிட்டு. எந்தப் புத்தகம்னு சொன்னா ஐயரே சிரிப்பாவ. எங்க சித்தி அனுப்புன கோழிக்குழம்பு வீடியோவையும் பூட்டிட்டு, கோழி நெஞ்சுன்னு அதுல இருந்துருக்கு. சரி, வேண்டியதப் பூட்டுதான்னு பாக்கணும்லான்னு கடையில யாருமில்லாத நேரத்துல எம் போன்ல நானே ஒரு வார்த்தையப் போட்டுப் பாத்தேன். பூட்டிட்டு, சந்தோசம். அடுத்த நிமிசம் எப்சி போன் பண்ணுதா. தடைசெய்யப்பட்ட பக்கத்துக்குப் போக முயற்சின்னு அவளுக்கு மெசேஜ் போயிருக்கு, எம் பேரு போட்டு, மணி போட்டு. "என்னங்க இது"ங்கா. "செக் பண்ணுனேன்"ங்கேன். "என்னத்த?"ங்கா. மோட்டாரு ஓடுத கடையில நின்னுக்கிட்டு என்னத்தன்னு நான் சொல்ல. அன்னைக்கு ராத்திரி அவ சிரிச்சா, அந்த வாரம் முழுக்க அந்த ஒரு சிரிப்புதான். அப்புறம் குளிமுறியில பைப்பத் தொறந்துவிட்டுட்டு ரொம்ப நேரம் வெளிய வரல. எனக்குத் தெரியும் எதுக்குப் பைப்புன்னு. போய்க் கதவத் தட்டியிருக்கலாம். நான் என்ன செஞ்சேன், வெளிய நின்னு பிரஷர் குக்கர் விசில் மாதிரி அடிச்சேன், அடுப்ப அணைக்க ஓடிவருவா, வந்தா சிரிப்பான்னு. வந்தா. சிரிக்கல. ஒங்ககிட்ட ஒண்ணப் பேசமுடியாதுன்னுட்டு அடுப்பையும் பாத்துட்டுப் போயிட்டா. பெறகு அவ யாருட்டதான் பேசுவா? அக்காட்ட சொன்னா மச்சானுக்குப் போவும், அம்மாட்ட சொன்னா பிரஷரு ஏறும். ஐயரம்மா ஒருத்திதான் கையப் புடிச்சுக்கிட்டு அழவிடுத ஆளு. போயிருக்கா. அழுதுருக்கா. அழும்போது யாரு பாத்துப் பாத்துப் பேசுதா. யாரு மேலயாவது கோவப்படலாம்னு தேடுதேன், ஆளக் காணல. தெரையில இருந்த பூவ அவ ஏன் பாத்தான்னா, எம் மொகத்துல என்ன குரல் வருமோன்னு பாக்கப் பயந்து பாத்திருக்கா.

அரபு தேசங்களிலே பாடுபடுகிற சகோதரர்களை. வெளிநாடு. இனி பரீட்ச, அப்புறம் இருமல். முட்டி வலிக்கி. அப்பா காலத்துல ஜங்ஷன் சினிமா தியேட்டர் செவுத்துல போஸ்டர் ஒட்டியிருக்கும், கோயிலுக்குப் போற வழியில அது வரும்போது அப்பா எங்கள ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாத்திக் கூட்டிட்டுப் போவாங்க, மாத்தும்போது எங்களுக்குத் தெரிஞ்சுரும் இங்க பாக்கவேண்டியது ஏதோ இருக்குன்னு, தலையத் திருப்பிருவோம். ஆனா ரோட்ட மாத்த ஒரு ரோடு இருந்துச்சு. இப்பம் நான் எந்தப் பக்கம் மாத்த? டேப்லெட்டு பீரோ மேல இருக்கு, சார்ஜ் போயிருக்கும், எப்சி அதுமேல எம்பிராய்டரி துணி போட்டு மூடி வச்சிருக்கா, செத்த வீட்டுல வச்ச மாதிரி. நாளைக்கு ஆன்லைன்ல ஹோம்வொர்க்குன்னா எறக்கித்தான ஆகணும். ஒரு கண்ண லேசாத் தொறந்தேன். தப்புதான். ஐயரோட குனிஞ்ச தலை, நரைச்ச பிடரி, சட்டக் காலர்ல வேர்வ. பாவம், காலையில ஒரு அடக்கம், மத்தியானம் ஆஸ்பத்திரி, இப்பம் இங்க. அவியளுக்கு ஒரு கெட்ட எண்ணமும் கெடையாது, பிள்ளைக்கு நல்லது செய்யணும்னு முட்டி போட்டிருக்காவ, அவியளுக்குத் தெரிஞ்ச நல்லது இது ஒண்ணுதான், சத்தமாக் கேக்குதது. எப்சி கண்ண இறுக்கி மூடியிருக்கா, உதடு மட்டும் அசையுது. குரல எடுக்கத் தெரிஞ்சவனுக்கு உதடு படிக்கதும் தெரியும். வேண்டாம், வேண்டாம், வேண்டாம். ஐயர் சொல்லுத ஜெபத்துக்கு அடியில அத நிறுத்தச் சொல்லி இன்னொரு ஜெபம். ரெண்டும் ஒரே எடத்துக்குத்தான் போவுது, மேல இருக்கவர் எத எடுக்க? பாப்பா அடுப்படி வாசல்ல, டீ கொண்டுவாரதுக்குத் தோதா, ஜமுக்காளத்து ஓரத்து நூல உருவி வெரல்ல சுத்திக்கிட்டு இருக்கா. சுத்தி, அவுத்து, சுத்தி. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவளுக்குத் தெரிஞ்சதெல்லாம் அம்மாட்ட சொன்னா அம்மாவோட இருக்கும்ங்கறது. எம் பேரச் சொல்லி நானே கேக்கேன், கிருபாகரா, நாப்பத்தாறு வயசாச்சு ஒனக்கு, எல்லாரு வாயும் ஒங்கிட்ட இருக்கு, ஒன் வாயி எங்க? எந்திரிச்சு ஐயரே வேண்டாம்னு சொல்லிரலாம். சொன்னா அதுவே போதும், என்னமோ இருக்கு அந்த வீட்டுலன்னு ஆயிரும். மயங்கி விழலாமா. நல்லாச் செய்வேன். ஆனா விழுந்தா அதுக்கும் ஒரு ஜெபம் உண்டு. வரவிருக்கிற பரீட்சைகளிலே எங்கள் பிள்ளைகளுக்கு ஞானத்தையும் நல்ல ஞாபக சக்தியையும். போச்சு.

இருமினாவ.

இந்த இல்லத்திற்காக உம்மைத் துதிக்கிறோம் ஆண்டவரே. உமது தாசன் கிருபாகரனுக்காக, எப்சிபாளுக்காக. விசேஷமாக இவர்களுடைய அருமை மகள் கெத்சியாளை உமது சமூகத்திலே ஒப்புக்கொடுக்கிறோம். பாப்பாவோட வெரலு நின்னுட்டு. கண்ண மூடிக்கிட்டே எனக்குத் தெரியுது, நூலு நின்னுட்டு. இந்தக் கடைசி காலத்திலே, கையளவு கருவியினாலே, சத்துருவானவன் வீட்டுக்குள்ளே நுழைந்து, இந்தச் சின்ன மகளுடைய கண்களுக்கு முன்பாக. இங்கதான். இந்த எடத்துலதான் ஐயர் மூச்சு வாங்குவாவ. முக்கியமான சொல்லுக்கு முன்னால நெஞ்சு நெறைய இழுத்து, ஒரு நொடி வச்சிருந்துதான் விடுவாவ, கிறிஸ்மஸுக்கு நான் செய்யும்போது சனம் மொதல்ல சிரிக்க எடமே அதுதான். இழுக்காவ. சத்தம் கேக்குது. நெறையுது. அவிய வாயி தொறக்கதுக்கு முன்னால எம் வாயி தொறந்துட்டு. எல்லாவற்றையும் நீரே அறிந்திருக்கிறீர் சுவாமி, நாங்கள் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை, ஆமென். யாரு சொன்னா? ஐயர் சொன்னாவ. ஐயர் குரலு, ஐயர் மூக்கு, ஐயர் தொண்ட. ஆமென்னு மொத்த வீடும் சொல்லுது, அத்தை எல்லாருக்கும் மேல. நிறுத்தினா மாட்டிக்கிடுவேன், அதே மூச்சுல, அதே குரல்ல, பரமண்டல ஜெபத்தோட மொத வார்த்தையப் போட்டேன். போட்டதுதான் தாமசம். நடக்கத் தெரிஞ்ச நாளுலேருந்து சொல்லுத ஜெபம், மொத வார்த்தை காதுல விழுந்தா மிச்சம் தானா வரும், செத்தவன்கூட உதட்ட அசைப்பான். ஜமுக்காளம், வராண்டா, வாசல்படி எல்லாம் ஒண்ணா எழும்பிட்டு. யாரால நிறுத்த முடியும் அத? ஐயராலயா? ஐயர் குரல் வரல, வரல, ரெண்டாவது வரி போவுது, வரல, இப்பம் எந்திரிச்சு நிப்பாவ, இப்பம் எம் பேரச் சொல்லுவாவ. அன்னன்னைக்கு வேண்டிய சாப்பாட்டக் கேக்குத எடத்துல எனக்கு வலப்பக்கத்துலேருந்து மூக்குல கெளம்பித் தொண்டையில எறங்குத அந்தக் குரல், நெசக் குரல், மெதுவா வந்து கூட்டத்தோட சேந்துக்கிட்டு. எங்களச் சோதனைக்குள்ள விடாதேயும்ங்கற வரி வந்தப்ப அவிய எல்லாரவிடச் சத்தமாச் சொன்னாவ.

கண்ணத் தொறந்தா வெளிச்சம் கூசுது. யாரும் ஒண்ணும் கவனிச்ச மாதிரி இல்ல, முட்டியத் தேய்ச்சுக்கிட்டு எந்திரிக்காங்க. தங்கபாய் அத்தை மட்டும் செவுத்தப் புடிச்சுக்கிட்டு, "என்ன ஐயரே, இன்னைக்கு ஜெபத்தச் சுருக்கா முடிச்சிட்டிய, பாப்பாக்கு என்னமோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சே"ன்னாங்க. ஐயர் என்னையப் பாத்தாவ. நானும் பாத்தேன். கிறிஸ்மஸ்ல முன்வரிசையில உக்காந்து பாக்க அதே பார்வதான், சிரிப்புதான் இல்ல, சிரிப்பு வாரதுக்குள்ள அவியளுக்கு வேறென்னவோ ஒண்ணு வெளங்கிட்டு. எப்சியப் பாத்தாவ. அவ இந்தத் தடவ தெரையப் பாக்கல. "ஒண்ணுமில்லம்மா. தொண்ட சரியில்ல. சொல்ல வேண்டியத ஆண்டவரு அறிவாரு"ன்னுட்டு எந்திரிக்கதுக்கு எங்கிட்டக் கைய நீட்டினாவ, தூக்கிவிட்டேன், அவசியத்தவிடக் கொஞ்சம் இறுக்கிப் புடிச்சாவ. "தொண்டைக்கு மொளகுப் பால் குடிங்க ஐயரே"ன்னாங்க அத்தை. சர்க்கரைக்காரரு ஜாங்கிரிய எடுத்துட்டாரு. எப்சி எனக்குப் பின்னாலயே அடுப்படி வாசலுக்கு வந்து, வேற யாருக்கும் கேக்காம, "இனிமே ஒங்கள்ட்டதாங்க சொல்லுவேன்"ன்னா. யாரு குரலும் எடுக்காம தலைய ஆட்டினேன். பாப்பா டீத் தட்ட எடுத்துக்கிட்டு வந்தா. எங்கிட்ட வந்து நின்னா. நான் ஒரு கிளாச எடுத்துட்டு, அவ மொகத்தப் பாக்கலாமா வேண்டாமான்னு டீயப் பாத்துக்கிட்டு இருந்தேன். அவ நகரல. தட்ட வயித்தோட சேத்துப் புடிச்சுக்கிட்டு எங் காதுக்கு எட்டி, வெறும் மூச்சுல சொன்னா.

"அப்பா. அந்த ஆமென்ல மூக்கு வரல."